அரை சென்டிமீட்டர்

யாஸ்னா காலையில் சாவியை எடுக்கமாட்டாள்.
வண்டியைச் சுற்றி வருவாள்,
வலமாக ஒரு முறை, இடமாக ஒரு முறை.
எதற்கு இரண்டு சுற்று என்று கேட்டேன் ஒருநாள்.
போகும்போது கண்ணில் படாதது
திரும்பும்போது படும் என்றாள்.

பொக்லைனின் சங்கிலிக்கு அடியில் இன்றும் அந்த நாய்.
எந்த இரும்பு கடைசியாகக் குளிரும் என்பது
வல்பரைசோவின் தெருநாய்களுக்குத் தெரியும்.
பாதி ரொட்டியைக் காட்டி வெளியே கூட்டி வந்தேன்.
படிவத்தில் இல்லாத வேலை,
ஆனால் என் வேலைதான்.

நான் நிபால்தோ. கொடி காட்டுகிறவன்.
பன்னிரண்டு டன் பின்பக்கம் திரும்பும்போது
அவள் கண்ணாடி எதிலும் விழாத
ஒரு துண்டு நிலம் இருக்கிறது,
நான்கு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம்.
அதன் விளிம்பில் நின்றுதான் நான் சம்பாதிக்கிறேன்.
வேலைக்கு வந்த முதல் நாள்
என்னை அவள் இருக்கையில் ஏற்றிவிட்டு
தான் போய் அங்கே நின்றாள்.
"தெரிகிறேனா?"
தெரியவில்லை.
குரல் மட்டும் வந்தது.

எண்ணெய்க் கசிவு: இல்லை.
தலைக்கு மேலே மின்கம்பி: உண்டு,
போன செப்டம்பரில் சிக்கிய பட்டத்தின் வால்
இன்னும் அதில் ஆடுகிறது.
பூமிக்கடியில் குழாய்: வரைபடத்தில் இல்லை.
பேனா அங்கே நின்றது.
"மேல்வீட்டு ஒசோரியோக்கள் துணி துவைக்கிறார்கள்,
அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"
கட்டத்துக்குள் எழுத இடம் போதாமல்
ஓரத்தில் எழுதினாள்.

இரவெல்லாம் மழை.
சரிவின் நெற்றியில் ஒரு கீறல்,
நகம் நுழையுமளவு.
இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி அடித்தாள்,
நாடாவை இழுத்துப் பிடித்தாள்.
ஏழு நாற்பதுக்குப் பதினெட்டு.
தேநீர் குடித்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை.
எட்டு இருபதுக்குப் பதினெட்டரை.

எஞ்சினியர் ஃபுயென்சாலிதா
தலைக்கவசத்தின் விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் வந்தார்.
அரை சென்டிமீட்டரா, நாடா தொய்ந்திருக்கும் என்றார்.
இந்த மேடு நாற்பது வருஷமாக நிற்கிறது என்றார்.
"நாற்பது வருஷமாக இதன் தலையில்
பன்னிரண்டு டன் ஏறவில்லை" என்றாள் யாஸ்னா,
சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு.

ஒசோரியோ வீட்டைக் காலிசெய்யச் சொன்னோம்.
அந்த அம்மாள் முதலில் துவைத்த துணிக்கூடையையும்
பிறகு தொலைக்காட்சியையும்
பிறகுதான் தன் புருஷனையும் இறக்கினாள்.
நாங்கள் மண்வெட்டியால் தோண்டினோம், கையால்,
குழந்தையின் தலையில் பேன் பார்ப்பதுபோல.
மாலைவரை தோண்டியும் குழாய் கிடைக்கவில்லை.

மேடும் சரியவில்லை.

மறுநாள் காலை பதினெட்டரை.
அதற்கு மறுநாளும் பதினெட்டரை.
இரண்டு நாள் வாடகை வீண் என்று
எஞ்சினியர் அவளைக் கடன்காரியைப் போலப் பார்த்தார்.
விழுந்திருந்தால் அவள் சொன்னது செய்தி ஆகியிருக்கும்.
விழாததால் அது ஒரு பிடிவாதம்.

முதல் நாள் ராத்திரி வீட்டில் மரிசோல் கேட்டாள்,
என்ன விசேஷம் இன்றைக்கு?
ஒன்றுமில்லை என்றேன்.
உண்மைதான், ஒன்றுமேயில்லை.
அந்த ஒன்றுமில்லாததோடு உட்கார்ந்து
இரண்டு தட்டு அவரைக் கூழ் சாப்பிட்டேன்.
கைகள் முழுதாக இருந்தன.
கால்கள் மேசைக்கடியில்
ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள்
விளிம்பிலிருந்து ஆறு மீட்டர் பின்னால்
இரும்புத் தகடு பரப்பி வண்டியை நிறுத்தினார்கள்.
யாஸ்னா வலமாகச் சுற்றினாள், இடமாகச் சுற்றினாள்.
என் தாடைப்பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.
ஏறி உட்கார்ந்தாள்.
எஞ்சின் உறுமுவதற்கு முன் ஜன்னல் வழியே கத்தினாள்:
"எங்கே நிற்கிறாய்?"

இங்கே, என்று கொடியை உயர்த்தினேன்.
நாய் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது,
மிச்ச ரொட்டிக்காக.